முட்டிக்கு மேலே ஒரு விரல்

தா.பழூர் கடைத்தெருவில் டீக்கடைக்கு வருகிறவர்கள் டீ சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். இளையபெருமாள் பெஞ்சை ஒட்டி நின்று, பலகையின் விளிம்பு தன் காலில் எந்த இடத்தில் படுகிறது என்று பார்க்கிறார். முட்டிச் சில்லின் மேல் ஆள்காட்டி விரலைக் கிடையாக வைக்கிறார். பலகை அந்த விரலுக்கு மேலே இருந்தால் உட்காருவார். கீழே இருந்தால் நின்றபடியே டீ குடிப்பார். "இது பெயிலு" என்று கடைக்காரரிடம் சொல்வார், கோபமில்லாமல். கடைக்காரர் போன மாதம் பெஞ்சின் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்துவிட்டார். இப்போது குள்ளமானவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு டீ குடிக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் உட்காரத் தகுந்த இடங்கள் எவை என்று அவரைக் கேட்டால் போதும். உடையார்பாளையம் தாலுகா ஆபீஸ் மர பெஞ்சு பாஸ். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு சிமென்ட் திட்டு பாஸ், ஆனால் பத்து மணிக்கு மேல் சுடும். ஷேர் ஆட்டோ பெயில். கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி பார்வைக்கு பாஸ், எடை பட்டதும் கால் அகன்று பெயிலாகிவிடும். அதனால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் உட்காருவார். அப்போது பந்தியில் அவர் மட்டும் நீதிபதி மாதிரி தெரிவார். கயிற்றுக் கட்டிலைப் பற்றிக் கேட்டால் தலையை ஆட்டுவார். "அது படுகுழி பாப்பா."

பாப்பா என்பது நான். இளையபெருமாளுக்கு நாற்பத்து மூன்று வயது, எனக்கு இருபத்து மூன்று. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் கேள்வி கேட்பது என் வேலை. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்கிறவர்களிடம், அதற்கு முன்பு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றும், பிறகு ஆறாவது வாரத்திலும் ஒரு வருடம் முடிந்ததும் திருப்தியா என்றும் கேட்டு எழுத வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நான் டாக்டருக்குப் படித்ததாக என் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். திருத்திச் சொல்லி அலுத்துவிட்டது.

இளையபெருமாள் போர்வெல் மோட்டார் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் பெயர் சொன்னால் யோசிப்பார்கள், போர்க்காரர் என்றால் உடனே வழி காட்டுவார்கள். முந்நூறு அடி ஆழத்தில் கிடக்கும் மோட்டாரின் நோயை அவர் போனிலேயே கண்டுபிடிக்கிறார். நான் அவர் வீட்டில் இருந்தபோதே ஒரு அழைப்பு வந்தது.

"அண்ணே, மோட்டார் ஓடுது, தண்ணி வரல."

"போனைப் பைப்புகிட்ட வையி."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஏன்டா, பக்கத்துல யாரு வெங்காயம் வதக்குறா? பைப்புகிட்ட வைன்னா அடுப்புகிட்ட வைக்கிற."

மறுபடியும் கேட்டார்.

"ம். வெறுமன சுத்துது. நிறுத்திப்புடு. நாளைக்கி வரேன். உங்க வூட்ல ஸ்டூல் இருக்கா? நல்லா உசரமா?"

முன்பெல்லாம் குழாயை மேலே இழுத்ததும் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் ஒயரைப் பிரித்துச் சேர்ப்பார். இப்போது வேலை அவர் உயரத்துக்கு எழுந்து வருகிறது. வரப்போரத்தில் மேசை போட்டு, அதன்மேல் மோட்டாரைக் கிடத்தி, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பிரிக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் ஆபரேஷன் நடப்பது போலிருக்கும்.

அவரிடம் நீளமான ஒரு நோட்டு உண்டு. கூப்பிட்டவர் பெயர், போரின் ஆழம், அவருக்கு என்ன வேண்டும் என்பது வரை எழுதிக்கொள்வார். 'ரெண்டு இஞ்ச் தண்ணி வரணும்.' 'சத்தம் வரக் கூடாது, மாடு மிரளுது.' 'மச்சான் போரைவிட வேகமா ஊத்தணும்.' முடியாது என்று பட்டால் எழுத மாட்டார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிவிடுவார். எழுதிவிட்டால் செய்து கொடுத்தாக வேண்டும். இது இந்த ஊர்க்காரர்களுக்கும் தெரியும். "போர்க்காரர் வந்தாரா?" என்று யாரும் கேட்பதில்லை. "எழுதிக்கிட்டாரா?" என்றுதான் கேட்பார்கள்.

இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று வருடமாக அவருடைய வலது இடுப்பு மூட்டுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. பந்துபோல இருக்க வேண்டிய எலும்பு நசுங்கிவிட்டது. போன வருடம் தை மாதம் மனைவி சாந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் நான் படிவத்தோடு போனேன். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் எங்கள் பக்கத்து மனிதர்கள் பெரும்பாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "நீங்களாப் பாத்து செய்ங்க." எதிர்பார்ப்பதையே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அதனால் பட்டியலில் உள்ளதை வரிசையாகப் படித்து, தலையாட்டினால் குறி போட்டுவிடுவேன்.

"காலுறையும் ஷூவும் தானே போட முடிய வேண்டும்" என்று படித்தேன்.

"நான் எந்தக் காலத்துல பாப்பா சாக்ஸ் போட்டேன்?"

"கல்யாணத்தன்னைக்கே செருப்பத் தொலச்சிட்டு வெறுங்காலோட வந்து நின்ன ஆளு" என்றார் சாந்தா.

"காரில் ஏறி இறங்க முடிய வேண்டும்."

"யாரு காருல?"

பட்டியல் இப்படியே முடிந்தது. கடைசியில் 'மற்றவை' என்று நாலு வரி காலி இடம். ஏதாவது உண்டா என்றேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் தங்கச்சி மவளுக்குக் காது குத்தணும். சம்மணம் போட்டு உக்காந்து, புள்ளய மடியில வச்சுக்கணும். எழுதிக்கங்க."

எழுதினேன். நூற்றுக்கும் மேற்பட்ட படிவங்களில் அதுதான் நான் கேட்ட முதல் உண்மையான பதில். மகிழ்ச்சியில் அடிக்கோடுகூடப் போட்டேன். "சரிங்க" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்து, "எழுதிக்கிட்டாங்க" என்றார். அந்த நிம்மதியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

தங்கை அம்பிகாவை உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் மகள் தென்றல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒரு வயதில் குத்தலாம் என்றபோது அண்ணனுக்குக் கால் இழுக்க ஆரம்பித்திருந்தது. மூன்று வயதில் அவரால் கீழே உட்காரவே முடியவில்லை. வேறு யாரையாவது மாமனாக உட்கார வைக்கலாம் என்று மாமனார் வீட்டில் சொன்னார்கள். அம்பிகா மறுத்துவிட்டாள். "எங்கண்ணன் மடி இருக்கையில எவன் மடியும் வேணாம்." இப்போது தென்றலுக்கு ஐந்து. பால்வாடியில் கம்மல் போடாத பெண் பிள்ளை அவள் ஒருத்திதான். ஐந்தையும் விட்டால் ஏழுதான், அதுவரை பொறுக்க முடியாது என்று ஆண்டவர் என்ற பெயருள்ள அந்த மாமனார் சொல்லிவிட்டார்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் நடை வண்டியைப் பிடித்து நடந்தார். டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு வாரண்டி எத்தன வருசங்க?" என்பது. பதினைந்து இருபது வருடம் தாராளமாக வரும் என்றார் டாக்டர். இரண்டாவதாக, எடுத்த பழைய எலும்பைக் கேட்டார். புதுச் சாமான் மாட்டினால் பழையதை உரியவர் கையில் கொடுப்பதுதான் அவர் தொழிலின் வழக்கம். கொடுக்க முடியாது என்றதும், "பாக்கவாவது பாக்கலாம்ல, எங்க தேஞ்சிருக்குன்னு" என்றார். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சமாதானப்படுத்தினார்.

அதன் பிறகு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் வந்தார். எதெல்லாம் கூடாது என்று விரல் விட்டுச் சொன்னார். குத்துக்காலிடக் கூடாது. முட்டியைவிடத் தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது. தரையில் சம்மணம் போடுவது இனி எப்போதுமே வேண்டாம், மூட்டு நழுவிவிடும்.

இளையபெருமாள் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"பாப்பா எழுதிக்கிட்டாங்களே."

படிவம் எழுதினால் அது கணினிக்குப் போகும், வேறெங்கும் போகாது. 'மற்றவை'யில் எழுதியதற்குக் கணினியில் கட்டம்கூடக் கிடையாது. அதை டாக்டர் படித்திருக்கவும் மாட்டார். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "அப்பறம் எதுக்கு எழுதுறீங்க?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஆறாவது வாரம் மருத்துவமனைக்கு ஊன்றுகோல் இல்லாமல் வந்தார். தாழ்வாரத்தில் எனக்காக ஒரு முறை நடந்து காட்டி, திரும்பியும் வந்தார்.

"வலிக்கு நூத்துக்கு நூறு போடுங்க. நடைக்கு நூறு. தூக்கத்துக்கு நூத்திப்பத்து."

"மொத்தத்தில் திருப்திதானே?"

"எழுதுனது ஒன்னு மிச்சமிருக்கே பாப்பா."

'ஓரளவு திருப்தி' என்ற கட்டத்தில் குறி போட்டேன். எங்கள் மேலாளர் அந்தப் படிவத்தைப் பார்த்து, இவ்வளவு நன்றாக நடப்பவருக்கு ஏன் ஓரளவு என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் அவர் வாழ்க்கை என்னவோ குதூகலமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்காகக் கட்டிய நாற்காலி மாதிரியான கக்கூஸ் அந்தத் தெருவுக்கே முதல். முட்டி வலிக்காரர்கள் நாலைந்து பேர் விடிந்ததும் வாளியோடு வந்துவிடுகிறார்கள். "எங்க வூட்டு ஆளுக்கே வரிசையில நின்னாதான் எடம் கெடைக்குது" என்றார் சாந்தா. இளையபெருமாளுக்கு அதில் பெருமைதான். யார் நொண்டி நடந்தாலும் நிறுத்தி, எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று விசாரித்துவிடுவார். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் எங்கள் மருத்துவமனைக்கே வந்தார்கள். "ஆனா தரையில உக்கார முடியாது, அத மொதல்லயே கேட்டுக்க" என்று அவர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாளைவிட அது தெளிவாக இருந்தது.

ஒரு வருடக் கேள்விகளுக்காக நான் போன் செய்தபோது, தை கடைசி ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையம் பக்கம் அய்யனார் கோயிலுக்கு வரச் சொன்னார். அன்றைக்குத்தான் தென்றலுக்குக் காது குத்து.

"அன்னிக்கி வந்து கேளுங்க. திருப்தியா இல்லையான்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

முந்திரித் தோப்புக்கு நடுவில் கோயில். மரமெல்லாம் பூத்து, காற்றே இனித்தது. தென்றலுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். அவள் தன் தலையைத் தடவிப் பார்ப்பதும், விரலை முகர்வதுமாக இருந்தாள். இளையபெருமாள் பட்டுக்கரை வேட்டியில், சீர்த்தட்டுகளுக்கு முன்னால் நின்றார். சாமிக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாக்காலி ஒன்னு போட்டுக்கலாமா மாமா?" என்று ஆண்டவரிடம் கேட்டார்.

ஆண்டவர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து இவருக்கு மூன்று முறை மோர் கொடுத்தனுப்பியவர்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. சாமி முன்னாடி நாக்காலி போட்டு உக்காந்தா மரியாதையாவா இருக்கும்? நம்ம பரணிதரனும் மாமன் மொறதான. அவன் உக்காரட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க."

பரணிதரன் இளையபெருமாளின் சித்தப்பா மகன். இருபத்தாறு வயது. எந்தத் தரையிலும் உட்காரக்கூடிய கால்கள்.

நான் அம்பிகாவைப் பார்த்தேன். இரண்டு வருடமாக மறுத்தவள் அவள். இப்போது வெற்றிலைத் தட்டை அடுக்கிக்கொண்டு, அடிக்கடி சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மாமா" என்றார் இளையபெருமாள். "கால் முடியாதவன் என்னா பண்றது? சீர எடுத்துக் குடுத்துட்டு நிக்கிறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு தட்டில் ஏற்கெனவே நேராக இருந்த பழங்களை ஒருமுறை நேராக்கினார்.

பரணிதரன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தென்றலை அவன் மடியில் வைத்தார்கள். அந்த நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. காது குத்துகிற குருமூர்த்தி ஆசாரி இறங்கினார், இரண்டு முட்டியிலும் பட்டை கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மடக்கு மேசையும் இரண்டு உயரமான ஸ்டூலும் இறங்கின.

ஆசாரி ஜமுக்காளத்தைப் பார்த்தார்.

"யாரு கீழ உக்காந்துருக்கறது? எந்திரிங்க. நான் தரையில உக்காந்து மூணு வருசம் ஆவுது. உக்காந்தா எழுப்புறதுக்கு நாலு ஆளு வேணும். புள்ளயோட காது என் கண்ணு மட்டத்துக்கு வரணும், இல்லன்னா ஊசி மூக்குக்குப் போயிடும்."

"சாமி முன்னாடி..." என்று ஆரம்பித்தார் ஆண்டவர்.

"சாமி மட்டும் என்னா, தரையிலயா இருக்காரு? குதிர மேலல்ல உக்காந்துருக்காரு."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். சுதை அய்யனார் இரண்டு ஆள் உயரக் குதிரையின்மேல், காலைத் தொங்கவிட்டு வசதியாக உட்கார்ந்திருந்தார். முதலில் சிரித்தது ஆண்டவர்தான்.

பரணிதரன் எழுந்து ஸ்டூல் பக்கம் போனான். அம்பிகா அவன் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "மேல உக்கார்றதுன்னா எங்கண்ணனே இருக்காருடா தம்பி. நீ போயி எல போடு."

இளையபெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். மனிதர் வேட்டியைச் சரிசெய்தார், துண்டைச் சரிசெய்தார், மறுபடி வேட்டியைச் சரிசெய்தார்.

"எடப்பக்கம் வச்சுக்கங்க" என்று சாந்தா காதோடு சொன்னார். "ஆபரேசன் பக்கம் வேணாம்." இடது தொடையில் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டார்.

கூட்டம் நெருங்கியது. நான் அம்பிகாவின் பக்கத்தில் ஒதுங்கி, நல்ல வேளையாக இப்படி ஓர் ஆசாரி வந்தார் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேள என்னாங்க வேள? மூணு ஆசாரியப் போயிப் பாத்தேன். மொத ரெண்டு பேருக்கும் முட்டி நல்லாருந்துச்சு. வேணாம்னு வந்துட்டேன்."

அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவருகிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிப்புடுவாரு" என்றாள்.

முதல் காதுக்குத் தென்றல் அழவில்லை, திகைத்துப்போய் மாமனைப் பார்த்தாள். இரண்டாவது காதுக்குத் தோப்பு அதிர அழுதாள். மாமன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆச்சு ஆச்சு, முடிஞ்சிபோச்சு" என்று அவளைவிடச் சத்தமாகச் சொன்னார். யாரோ வாழைப்பழம் கொடுத்தார்கள். அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. பிள்ளை பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் மார்பில் சாய்ந்தாள்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். ஆசாரி மேசையை மடக்கினார். ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் படிவத்தின் கடைசிக் கேள்வியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

இளையபெருமாள் என்னைக் கவனிக்கவில்லை. தூங்கத் தொடங்கிய பிள்ளையின் கால்களைச் சேர்த்துப் பிடித்து, மெதுவாகத் தூக்கி, இடது தொடையிலிருந்து வலது தொடைக்கு மாற்றி உட்கார வைத்துக்கொண்டார்.